பொம்மை ஒண்ணுதான் சார், பெட்டிதான் வேற

என்னிடம் ஹாட் ராட் இரண்டு இருக்கிறது, ரோபோ காராக மாறும் ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மை. 1986-இல் வந்த கார்ட்டூன் படத்தை வைத்துச் செய்த ஸ்டுடியோ சீரிஸ் 86 வரிசையில் 2021-இல் வந்தது, வாயேஜர் என்ற நடுத்தர அளவு, பெட்டியில் 04 என்று எண் போட்டிருக்கும். இரண்டும் ஒரே அச்சு, ஒரே கருஞ்சிவப்பு, பானட்டில் அதே தீக்கொழுந்து. இரண்டையும் காசு கொடுத்துத்தான் வாங்கினேன். வீட்டில் ஏன் என்று கேட்டபோது "இது அமெரிக்கா, அது ஜப்பான்" என்றேன், அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை, என்னைப் பற்றி ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். (முன்னொரு தடவை "ட்ரான்ஸ்ஃபார்மர் வந்துடுச்சு" என்று நான் வாசலில் நின்று கத்தியபோது, தெருவில் ஈபி வண்டி வந்திருக்கிறதா என்று மாமா எட்டிப் பார்த்தார்.)

கதை இப்படி ஆரம்பித்தது. இணையத்தில் ஒரு விற்பனையாளர் "ஜப்பான் எடிஷன், டகாரா டோமி ஒரிஜினல்" என்று போட்டிருந்தார், விலை வழக்கத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. (ட்ரான்ஸ்ஃபார்மர்ஸை ஜப்பானில் விற்பது டகாரா டோமி, அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ.) பணம் கட்டினேன். வந்தது சாதா ஹாஸ்ப்ரோ பெட்டி. ஒரு எழுத்துகூட ஜப்பான் மொழி இல்லை, ஒரு மூலை வேறு நசுங்கியிருந்தது. போன் போட்டுக் கேட்டால் அந்த மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. "பொம்மை ஒண்ணுதான் சார், பெட்டிதான் வேற" என்றார். பணம் திரும்ப வரவில்லை. இரண்டு மாதம் கழித்து சிங்கப்பூரிலிருந்து நண்பன் வந்தபோது அவன் பெட்டிக்குள் துணிமணி நடுவே நிஜமான டகாரா டோமி ஹாட் ராட் வந்தது. இரண்டையும் சாப்பாட்டு மேஜையில் பக்கம் பக்கமாக வைத்து, டியூப் லைட் போட்டு, மூக்குக் கண்ணாடி மாட்டி அரை மணி நேரம் பார்த்தேன். வித்தியாசம் என்ன தெரியுமா? ஒரு வெள்ளை ஸ்டிக்கர். அதே ஹாஸ்ப்ரோ பெட்டியின் மேல் ஜப்பான் எழுத்தில் ஒரு ஸ்டிக்கர், அதில் டகாராவின் சொந்த வரிசை எண், பார்கோடு, எச்சரிக்கை வாசகம். அவ்வளவுதான்.

அந்த ஆள் என்னை ஏமாற்றினார், ஆனால் போனில் சொன்னது பொய் இல்லை. இதுதான் எனக்கு இன்றுவரை எரிச்சல்.

சரி, பொம்மையைப் பற்றி நாலு வரி, அப்புறம் பெட்டிக்கு வருகிறேன். பொம்மை அருமை. நெற்றியிலிருந்து கண்ணாடி கீழே இறங்கி முகத்தை மூடுகிறது, கைக்குப் பதில் ரம்பச் சக்கரம் மாட்டலாம், கதையில் தலைவர்கள் நெஞ்சில் சுமக்கும் மேட்ரிக்ஸும் கூடவே வருகிறது. காராக மாற்றும்போது முதல் தடவை கொஞ்சம் திணறும், மூன்றாவது தடவை கை தானாகச் செய்யும். பெட்டிக்குள் பின்புல அட்டை ஒன்று இருக்கிறது, உருவி எடுத்துப் பொம்மைக்குப் பின்னால் நிறுத்தினால் படக்காட்சி மாதிரி இருக்கும், ஸ்டுடியோ சீரிஸ் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் இதற்காகத்தான் பெட்டியைத் தூக்கிப் போடுவதில்லை. பொம்மைக்குப் பத்துக்கு ஒன்பது. இதில் எனக்கும் அந்த விற்பனையாளருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

ஆனால் "பெட்டிதான் வேற" என்று அவ்வளவு லேசாகச் சொல்லிவிட முடியாது. இந்தப் பொம்மைகளுக்கு ஒரு காலத்தில் பெட்டிதான் பிறப்புச் சான்றிதழ்.

1984-இல் ஹாஸ்ப்ரோ அமெரிக்காவில் ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று விற்றது புதுப் பொம்மைகளை அல்ல. ஜப்பானில் டகாரா (இன்றைய டகாரா டோமி) ஏற்கெனவே டயாக்லோன், மைக்ரோமேன் என்ற பெயர்களில் விற்றுக்கொண்டிருந்த பொம்மைகளைத்தான் எடுத்துக்கொண்டார்கள். டயாக்லோனில் அந்தக் கார்களுக்கு உயிர் கிடையாது. அவை இயந்திரங்கள், உள்ளே உட்கார்ந்து ஓட்ட ஒரு அங்குல உயரத்தில் குட்டி மனிதன் வருவான், அவன் பாதத்தில் காந்தம் இருக்கும். ஹாஸ்ப்ரோ அந்தக் குட்டி மனிதனைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டது. கார்தான் ஆள், அதற்கே பெயர், அதற்கே குணம் என்று ஆக்கிவிட்டது. ஆனால் அச்சை மாற்றவில்லை, அதனால் அந்தக் காலத்துக் கார் ஒன்றை எடுத்துக் கதவைத் திறந்து பார்த்தால் ஓட்டுநர் இருக்கை அப்படியே காலியாக இருக்கும். பெயரும் குணமும் எங்கே எழுதியிருந்தது? பெட்டியின் பின்பக்கத்தில். மார்வெல் காமிக்ஸில் வேலை பார்த்த பாப் புடியான்ஸ்கி எழுதிய நாலைந்து வரி அறிமுகம்தான் அந்தப் பிளாஸ்டிக்குக்கு உயிர் கொடுத்தது. பெட்டி இல்லாவிட்டால் அது வெறும் கார்.

பழைய பெட்டி ஒன்றைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பின்பக்கத்தில் ஒரு கட்டம், உள்ளே சிவப்பு மையில் தாறுமாறாகக் கிறுக்கல், எதுவும் படிக்க முடியாது. பெட்டிக்குள் சின்னதாக ஒரு சிவப்பு பிளாஸ்டிக் துண்டு இருக்கும், அதை அந்தக் கட்டத்தின் மேல் வைத்தால் கிறுக்கல் மறைந்து கோடு ஒன்று ஏறி இறங்கித் தெரியும், பலம், அறிவு, வேகம், தாக்குப்பிடிப்பு, பதவி, துணிச்சல், ஆயுத சக்தி, திறமை என்று எட்டுக்கும் மதிப்பெண். பள்ளிக்கூட ரேங்க் கார்டு மாதிரியே. இன்னொரு மூலையில் ரோபோ பாயின்ட், கத்தரியால் வெட்டி எடுத்துச் சேர்த்துத் தபாலில் அனுப்பினால் வேறு பொம்மை வாங்கலாம். அதனால்தான் அந்தக் காலத்துப் பெட்டிகள் பாதிக்கு மேல் ஓட்டை விழுந்து கிடக்கின்றன. இன்றைக்குப் பழைய பெட்டி விற்கிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "பாயின்ட் வெட்டாமல் இருக்கிறதா" என்பதுதான், இரண்டாவதுதான் விலை.

இப்போது இதே பொம்மையை வேறு நாட்டுப் பெட்டியில் வைத்துப் பாருங்கள். ஆளே மாறிவிடுவார். லாரியாக மாறும் நல்லவர்களின் தலைவர் ஆப்டிமஸ் பிரைமின் பெயர் ஜப்பானில் கான்வாய். ஜாஸ் அங்கே மைஸ்டர், ஷாக்வேவ் லேசர்வேவ், ஹாட் ராட் ஹாட் ரோடிமஸ். நல்லவர்கள் கட்சியான ஆட்டோபாட்கள் அங்கே சைபர்ட்ரான்கள், கெட்டவர்கள் கட்சியான டிசெப்டிகான்கள் டெஸ்ட்ரான்கள். 2007-இல் திரைப்படம் வந்த பிறகுதான் ஜப்பான் பெட்டியிலும் ஆப்டிமஸ் பிரைம், ஆட்டோபாட் என்று ஏற ஆரம்பித்தது. இத்தாலியில் ஜிக் என்ற நிறுவனம் விற்றது, பெட்டியில் "ட்ராஸ்ஃபார்மர்" என்று ஒரு எழுத்துக் குறைவாகப் போட்டு, அவர்கள் மொழியில் அதுதான் சரி. அங்கே நம்ம ஆப்டிமஸுக்குப் பெயர் கமாண்டர். ஐரோப்பாவின் மற்றப் பகுதிகளில் கொஞ்ச காலம் எம்பி, அதாவது ஹாஸ்ப்ரோ 1984-இல் வாங்கிய மில்டன் பிராட்லி, அவர்கள் பெயரில் பெட்டி வந்தது. சீனாவில் அவர் பெயருக்கு வானத்தைத் தாங்கும் தூண் என்று பொருள், எல்லாப் பெயரிலும் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், ஒரு லாரிக்கு இதைவிடப் பெரிய மரியாதை யார் கொடுப்பார்கள்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது பிரேசில். அங்கே எஸ்ட்ரேலா என்ற நிறுவனம் குட்டிக் கார்களை விற்றபோது இரண்டு கட்சிக்கும் அவர்களே பெயர் வைத்தார்கள், நல்லவர்கள் ஆப்டிமஸ், கெட்டவர்கள் மலிக்னஸ். அப்புறம் ஒரே அச்சில் ஒரு நிறம் ஊற்றி இந்தக் கட்சி, இன்னொரு நிறம் ஊற்றி அந்தக் கட்சி. பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டால் யார் எந்தக் கட்சி என்று நிறத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். நம் ஊர் அரசியல் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

பெயரோடு நின்றால் பரவாயில்லை, கதையே வேறாகிவிடும். 1987-இல் வந்த ஹெட்மாஸ்டர்களை எடுத்துக்கொள்ளுங்கள், தலையைக் கழற்றினால் தலை தனியாக ஒரு குட்டி ஆளாகும். அமெரிக்கப் பெட்டியில் அந்தக் குட்டி ஆள் நெபுலோஸ் என்ற கிரகத்துக்காரர், ரோபோவின் கூட்டாளி, அவ்வளவுதான். ஜப்பான் பெட்டியில் அந்தக் குட்டி ஆள்தான் நிஜ ரோபோ, பெரிய உடம்பு அவர் மாட்டிக்கொள்ளும் கூடு. அடுத்த வருடம் இன்னும் மோசம். அமெரிக்காவில் பவர்மாஸ்டர் ஆப்டிமஸ் பிரைம் என்று விற்ற அதே லாரி ஜப்பானில் ஆப்டிமஸே கிடையாது, ஜின்ராய், அமெரிக்காவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மனிதன். அவனோடு இணைய காட்பாம்பர் என்று இன்னொரு பொம்மை ஜப்பானில் மட்டும் வந்தது. இதில் பொம்மை ஒண்ணுதான் சார் என்று சொல்லிப் பாருங்கள், எங்கள் ஆட்கள் அடிக்கவே வந்துவிடுவார்கள்.

பெட்டிக்குள் இருப்பதையும் சட்டம் வெட்டிவிடும், இதுதான் வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது. 2002-இல் அமெரிக்காவில் டாய்ஸ் ஆர் அஸ் கடைகளுக்காகப் பழைய ஆப்டிமஸை மறுபதிப்புப் போட்டபோது தோள் பக்கம் நிமிர்ந்து நிற்கும் புகைக்குழாய்கள் இரண்டையும் குட்டையாக்கிவிட்டார்கள், பாதுகாப்பு விதி. லாரியைப் பார்த்தால் கிராப் வெட்டிவிட்ட மாதிரி இருக்கும். ஏவுகணை ஸ்பிரிங்குகளும் அப்படித்தான், ஜப்பானில் டப்பென்று பறந்தது ஹாஸ்ப்ரோ கைக்கு வந்ததும் மெதுவாக நழுவி விழுந்தது. டிசெப்டிகான் தலைவர் மெகாட்ரானுக்கு வந்த சோதனை எல்லாவற்றிலும் பெரியது. அவர் துப்பாக்கியாக மாறுகிறவர், வால்தர் பி38, அச்சு அசல். அமெரிக்காவில் நிஜத் துப்பாக்கி மாதிரி இருக்கும் பொம்மைக்கு முனையில் ஆரஞ்சு நிறம் கட்டாயம் என்று எண்பதுகளின் கடைசியில் விதி வந்துவிட்டது, அதோடு அந்த உருவில் அவர் அங்கே வலம்வருவது கஷ்டமாகிவிட்டது. கலெக்டர்களுக்காகவே வரும் மாஸ்டர்பீஸ் வரிசையின் முதல் மெகாட்ரானை ஜப்பான் பெட்டியில்தான் தேட வேண்டும்.

பிரிட்டன் கதை சின்னது. டைனோசராக மாறும் டைனோபாட் ஒருவருக்கு 1985-இல் ஸ்லாக் என்று பெயர் வைத்தார்கள், அந்த ஊரில் அது பெண்களைத் திட்டும் வார்த்தை. இப்போது பெட்டியில் ஸ்லக்.

கனடாப் பெட்டி என்னிடம் ஒன்று இருக்கிறது, லூஸாக வாங்கிய பழைய பொம்மையோடு இலவசமாக வந்தது. அங்கே ஆங்கிலமும் ஃபிரெஞ்சும் இரண்டும் இருந்தாக வேண்டும் என்பது சட்டம், அதனால் எல்லா வாசகமும் இரண்டு முறை. படம் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும், கல்யாணப் பத்திரிகையில் இரண்டு வீட்டார் பெயரையும் போட்டு மாப்பிள்ளை பெயருக்கு இடம் இல்லாமல் போன மாதிரி. பலருக்கு இது பிடிக்காது. எனக்குப் பிடிக்கும், அந்தப் பெட்டி எந்த ஊரில் விற்றது என்பதை அதன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

நம் ஊர்ப் பெட்டி என்றால் ஸ்டிக்கர்தான். 2017-இல் திரைப்பட வரிசைப் பம்பிள்பீ ஒன்றைச் சென்னையில் ஒரு மாலில் வாங்கினேன். இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, மாதம், வருடம், எம்ஆர்பி அனைத்து வரிகளும் உட்பட, புகார் சொல்ல வேண்டிய எண். இதெல்லாம் இருக்க வேண்டும் என்பது விதி, நல்ல விதி. ஆனால் அதை ஒட்டியவர் பெட்டியில் அவ்வளவு காலி இடம் இருக்க, சரியாகப் பம்பிள்பீயின் முகத்தின் மேல் ஒட்டியிருந்தார். ஹேர் டிரையரைக் காட்டிச் சூடாக்கி, நகத்தால் ஒரு ஓரத்தைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். ஸ்டிக்கரோடு ஒரு கண்ணும் வந்துவிட்டது. இப்போது அவர் ஒற்றைக் கண்ணோடு அலமாரியில் இருக்கிறார். பாடம்: எடுக்க முயலாதீர்கள். அந்த ஸ்டிக்கரும் ஒரு வட்டார அடையாளம்தான், நமக்குத்தான் அது அழுக்காகத் தெரிகிறது. ஃபன்ஸ்கூல் இங்கே விற்ற ஜி.ஐ. ஜோ பொம்மைகளை நாம் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு மண்ணில் உருட்டினோம், இன்றைக்கு அந்த இந்திய அட்டையோடு இருப்பதை வெளிநாட்டுக் கலெக்டர்கள் தேடி வாங்குகிறார்கள்.

அந்த இந்திய ஸ்டிக்கரும் இப்போது அபூர்வமாகிவிட்டது. பொம்மைகளுக்கு இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70. 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை வேறு கட்டாயம். உள்ளூர்த் தயாரிப்புக்கு இது நல்லதாக இருக்கலாம், எனக்கு வாதம் இல்லை, ஆனால் கலெக்டர் பொம்மை வாங்குகிறவன் நண்பன் எப்போது ஊருக்கு வருவான் என்று விமான அட்டவணை பார்க்க வேண்டியதாகிவிட்டது.

சரி, ஹாட் ராடுக்குத் திரும்புவோம். ஜப்பான் பெட்டி என்றால் உசத்தி என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் உண்மையாகவே உசத்தி. 2014 முதல் டகாரா டோமி விட்ட லெஜண்ட்ஸ் வரிசையைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும், பெட்டியே தனி, உள்ளே ஒரு குட்டி மாங்கா, ஹாஸ்ப்ரோ ஸ்டிக்கர் ஒட்டிய இடத்தில் இவர்கள் பெயின்ட் அடித்திருப்பார்கள். எல்ஜி-31 ஃபோர்ட்ரஸ் மாக்ஸிமஸுக்குக் கையில் வாள் உண்டு, கடையில் கிடைத்த சாதா ஹாஸ்ப்ரோ பெட்டியில் வாள் கிடையாது. எல்ஜி-35 சூப்பர் ஜின்ராய் வாங்கினால் எல்ஜி-42 காட்பாம்பரோடு சேர்க்கலாம். அப்போது கூடுதலாகக் கொடுத்த காசுக்குக் கூடுதலாக ஏதோ கையில் கிடைத்தது. அப்புறம் ஸ்டுடியோ சீரிஸ், சீஜ் எல்லாம் வந்தபோது இரண்டு நிறுவனமும் ஒரே பொம்மை, ஒரே பெட்டி என்று வந்துவிட்டார்கள். ஜப்பானுக்கு மிச்சம் இருப்பது அந்த வெள்ளை ஸ்டிக்கர். ஆனால் விற்கிறவர்கள் விலையை மட்டும் லெஜண்ட்ஸ் காலத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

பெட்டியில் இருந்த எழுத்தும் போய்விட்டது. என் ஹாட் ராட் பெட்டியில் நாலைந்து மொழி இருக்கிறது, எந்த மொழியிலும் அவர் யார், எப்படிப்பட்டவர் என்று இல்லை. எந்தப் படத்தில் எந்தக் காட்சி என்று ஒரு வரி, எத்தனை படிகளில் மாற்றலாம் என்று ஒரு எண். எல்லா நாட்டுக்கும் பொருந்த வேண்டும் என்றால் பேச்சைக் குறைக்கத்தானே வேண்டும்.

2022 வாக்கில் இன்னொரு கூத்து நடந்தது. பிளாஸ்டிக்கை ஒழிக்கிறோம் என்று பெட்டி ஜன்னலில் இருந்த கண்ணாடித் தாளை எடுத்துவிட்டார்கள், லெகஸி வரிசையில் பொம்மை காகிதக் கயிற்றில் கட்டி வாசலில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் கடையில் யார் வேண்டுமானாலும் விரலை விட்டு நோண்டலாம், துப்பாக்கியை உருவிக்கொண்டு போகலாம். அலமாரியில் வைத்தால் ஒரே மாதத்தில் தூசு உள்ளே. பிற்பாடு ஹாஸ்ப்ரோவே ஜன்னலைத் திரும்பக் கொண்டுவந்தது. என் ஹாட் ராட் 2021 என்பதால் தப்பித்தார், இரண்டு பெட்டியிலும் ஜன்னல் முழுசாக இருக்கிறது.

ஆக, இதை வாங்கலாமா என்று கேட்டால், பொம்மையைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், எந்தப் பெட்டி மலிவோ அந்தப் பெட்டியில். டகாரா ஸ்டிக்கருக்காக நூறு ரூபாய் கூடுதல் கேட்டால் கொடுங்கள், ஆயிரம் கேட்டால் அந்த ஆயிரத்தில் அடுத்த பொம்மையின் கால்வாசி வந்துவிடும். லெஜண்ட்ஸ் காலத்துப் பொம்மை, பழைய மாஸ்டர்பீஸ் என்றால் மட்டும் ஜப்பான் பெட்டி எது, அமெரிக்கப் பெட்டி எது என்று பார்த்து, உள்ளே இருப்பது நிஜமாகவே வேறா என்று இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இணையத்தில் வாங்கும்போது பெட்டியின் பின்பக்கப் படம் கேளுங்கள், முன்பக்கம் எல்லா ஊரிலும் ஒன்றாகத்தான் சிரிக்கும். பழைய மறுபதிப்பு "ஜப்பான் பெட்டி" சொன்ன விலையில் பாதிக்குக் கிடைத்தால் அது டூப்ளிகேட், பெட்டியை அச்சடிக்கிறவர்கள் இப்போது பொம்மை செய்கிறவர்களைவிடக் கெட்டிக்காரர்கள்.

போன வாரம் அக்கா பையன் வந்திருந்தான், எட்டு வயது. இரண்டு ஹாட் ராடையும் காட்டி உனக்கு எது பிடித்திருக்கிறது என்று கேட்டேன். மூலை நசுங்கிய பெட்டியைக் காட்டினான். ஏன்டா என்றேன். "அது ஏற்கெனவே அடிபட்டிருக்கே மாமா, பிரிச்சா நீ திட்ட மாட்ட" என்றான். பிரித்துக் கொடுத்தேன். ரம்பச் சக்கரம் இப்போது சோபாவுக்கு அடியில் எங்கோ இருக்கிறது, கிடைத்தால் சொல்கிறேன். ஸ்டிக்கர் உள்ளதை விற்கலாம் என்று இருக்கிறேன், வாங்குகிறவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், உள்ளே பொம்மை ஒண்ணுதான் சார்.